ஜன்னலுக்குப் பயந்த விளையாட்டு

1887, நவம்பர் 24. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் விடுமுறை. சிகாகோவின் தென்பகுதியில் இருந்த ஃபாரகட் படகுக் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். இரண்டு அணிகளும் அன்று நியூயார்க்கில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. முடிவு தந்தியில் வர வேண்டும். வந்தது: யேல் 17, ஹார்வர்டு 8. குஷி தாங்காத யேல் ஆள் ஒருவர் அங்கே கிடந்த குத்துச்சண்டைக் கையுறையை எடுத்து எதிர்த்தரப்பு ஆள் மேல் வீசினார். அவரோ கையில் அகப்பட்ட கட்டையால் அதைத் திருப்பி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்ற செய்தியாளருக்குப் பொறி தட்டியது. கையுறையை அதன் நாடாவாலேயே உருண்டையாகக் கட்டினார், தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார், ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். முடிவில் 41க்கு 40.

இன்று சாஃப்ட்பால் என்று உலகமெங்கும் ஆடப்படும் விளையாட்டின் பிறப்பு இப்படித்தான். நாலு சுவருக்குள் பிறந்த ஆட்டம் என்பதால், பேஸ்பாலைப் போல் நானூறு அடி பறந்து யார் தலையிலோ விழும் பந்து அதற்கு ஆரம்பத்தில் தேவைப்படவே இல்லை. அடித்தால் 'தொப்' என்று விழ வேண்டும். கூடத்தின் கண்ணாடி பிழைக்க வேண்டும். ஹான்காக்கின் பந்து 16, 17 அங்குலச் சுற்றளவு கொண்ட பெரிய பொதி. 1888இல் இந்த ஆட்டம் வெளியே, திறந்த மனைகளுக்கு வந்தது. பந்தின் குணம் மாறவில்லை.

1895இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தன் ஆட்களின் உடல் துருப்பிடிக்காமல் இருக்க, நிலையத்தை அடுத்த காலி மனையில் இதே மாதிரி ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். சிகாகோ ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவர் தொடங்கினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இடம் சின்னது என்ற காரணம் இருவருக்கும் பொது.  அவ்வளவு இடத்துக்குள் அடங்குகிற பந்தும் மட்டையும் வேண்டியிருந்தன.

சிகாகோவின் தென்பகுதியில் 1905இல் திறக்கப்பட்ட சிறு பூங்காக்களின் வரைபடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டேவிஸ் ஸ்கொயர், ஆர்மர் ஸ்கொயர், மார்க் ஒயிட் ஸ்கொயர் என்று சிலபல தெருக்களுக்கு நடுவே வெட்டிவைத்த பச்சைச் சதுரங்கள். இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த போலிஷ், லிதுவேனிய, ஐரிஷ் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகள் அவை. அங்கே குழந்தைகள் குளிக்கக் குளமும் படிக்க வாசக அறையும் கட்டிய பூங்கா ஆணையத்தால், பந்து பறக்க நானூறு அடி வெளியை மட்டும் எங்கிருந்தும் கொண்டுவர முடியவில்லை. பூங்காவின் ஓரம் முடிகிற இடத்தில் தெரு, தெருவைத் தாண்டினால் ஒருவர் வீட்டுச் சமையலறை ஜன்னல். ஹான்காக்கின் பெரிய பந்து குறிப்பாக அந்த ஊரில் இன்று வரை உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. சிகாகோக்காரர்கள் 16 அங்குலப் பந்தைக் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடிக்கிறார்கள். புதுப் பந்து கல். நாலு இன்னிங்ஸ் அடி வாங்கினால் தலையணை. விரல் வளைந்து போன பெரியவர்கள் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். 1977இல் பூங்கா லீக்குகளில் கையுறையை அனுமதித்தபோது, ஊரின் புகழ்பெற்ற பத்தியாளர் மைக் ராய்க்கோ நீதிமன்றத்துக்கே போனார், வென்றும் வந்தார்.

மற்ற ஊர்களில் பெரும்பாலானவை அந்தப் பந்தைக் கைவிட்டன. 1926இல் டென்வரைச் சேர்ந்த வால்டர் ஹாகன்சன் 'சாஃப்ட்பால்' என்ற பெயரை முன்வைத்தார். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த போட்டி பல ஊர் அணிகளை ஒன்றுசேர்த்தது. அதே ஆண்டு தொடங்கிய அமெரிக்க அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கத்தின் காலத்தில் 12 அங்குலப் பந்து பொதுவானது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து தெருவில் நின்ற லட்சக்கணக்கானோருக்கு, காசு செலவில்லாத பொழுதுபோக்காக இது வாய்த்தது. அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்கள் ஊருக்கு ஊர் ஆடுகளங்களை அமைத்தன. இருட்டிய பிறகும் ஆட மின்விளக்குக் கம்பங்கள் முளைத்தன. பெரும்பாலான களங்களுக்குக் கம்பி வேலிதான் எல்லை.

பேஸ்பால் வேறு கதை. அங்கே பந்து கடினமானது, பணமும் அதிகம். வீடுகளோடு தகராறு என்றால் சுவர்தான் பதில். கிளீவ்லேண்டின் லீக் பார்க் 1891இல் திறக்கப்பட்டபோது, அந்த இடத்தில் சில மனைக்காரர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். அவர்களைச் சுற்றித்தான் மைதானத்தையே மடக்கிக் கட்ட வேண்டியிருந்தது. விளைவாக வலப்பக்க எல்லை வெறும் 290 அடி. 1910இல் புதுப்பித்தபோது அங்கே கான்கிரீட் சுவரும் அதன்மேல் கம்பிவலையுமாகச் சுமார் 40 அடி உயரத்துக்கு ஒரு தடுப்பு எழுந்தது. பிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில் 1935இல் சுவரைச் சுமார் 34 அடிக்கு உயர்த்தினார்கள். பக்கத்து வீடுகளை யாரும் காப்பாற்ற நினைத்து அல்ல. எதிர்த்தெரு வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் பெஞ்சு போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டினார்கள். அதை மறைக்கத்தான் சுவர். ஊர் அதற்கு 'வன்ம வேலி' என்று பெயர் வைத்தது. மைதானத்துக்கும் அண்டை வீட்டுக்கும் நடுவே நிற்கும் எல்லாச் சுவரும் பந்துக்காக எழுந்ததில்லை.

பந்து சுவரைத் தாண்டி ஆள் மேல் பட்டால் யார் பொறுப்பு? அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இதே கேள்வி எழுந்தது. விடைகள் நேரெதிர்.

1950இல் டெலவேர் மாநில நீதிமன்றம் விசாரித்த வழக்கு வில்மிங்டன் பார்க் பேஸ்பால் மைதானத்தைப் பற்றியது. தெருவில் நடந்துபோனவர் மீது பந்து விழுந்திருந்தது. மைதானத்தாருக்கு வேலி இருந்தது, பத்தடி உயரம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு மூன்று பந்துகள் அதைத் தாண்டித் தெருவில் விழுவது வழக்கம் என்பது சாட்சியத்தில் வந்தது. வேலி போட்டோம் என்று சொல்வது போதாது, அது போதவில்லை என்பது உங்களுக்கே தெரியும் என்றது நீதிமன்றம். அடிபட்டவர் வென்றார்.

மறு ஆண்டு, 1951 மே மாதத்தில், லண்டனில் பிரபுக்கள் சபை போல்டன் எதிர் ஸ்டோன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஊர் மான்செஸ்டரின் சீத்தம் ஹில், ஆட்டம் கிரிக்கெட். 1947 ஆகஸ்டில் ஒரு பெண் தன் வீட்டு வாசலிலிருந்து தெருவில் கால் வைத்த நேரம், விருந்தினர் அணி மட்டையாளர் அடித்த சிக்ஸர் ஏறத்தாழ நூறு கஜம் பறந்து வந்து அவர் மேல் பட்டது. மைதானத்தில் 1864 முதல் கிரிக்கெட் நடந்துவந்தது; பக்கத்துத் தெரு போடப்பட்டதோ 1910 வாக்கில். வேலி ஏழடி என்றாலும் நிலம் சரிவானதால் அதன் உச்சி ஆடுகளத்தை விடப் பதினேழு அடி உயரத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளில் பந்து தெருவுக்குப் போனது ஆறேழு தடவைதான். இவ்வளவு அரிதான ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்யாதது கவனக்குறைவு ஆகாது என்றார்கள் பிரபுக்கள். பெண் தோற்றார்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தியாவிலும் இந்த வழக்கை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரரின் கோணத்திலிருந்து பார்த்தால் இதை விடச் சுவாரசியமானது 1977இன் மில்லர் எதிர் ஜாக்சன்.

இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் பகுதியில் லின்ட்ஸ் என்ற சுரங்கக் கிராமம். அங்கே சுமார் 1905 முதல் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடுத்த வயலில் மாடு மேய்ந்தவரை பந்து போனால் எடுத்துவந்தார்கள், மாடு வழக்குப் போடவில்லை. 1972இல் அந்த வயல் வீட்டுமனையானது. களத்தை ஒட்டிய வீட்டை வாங்கிய குடும்பத்தின் ஓடு உடைந்தது, சுவர் பெயர்ந்தது. ஆட்ட நாள்களில் அவர்கள் தோட்டத்தில் உட்காரவே அஞ்சினார்கள். சில நாள் வீட்டையே விட்டு வெளியே போனார்கள். கிளப் சும்மா இருக்கவில்லை. 1975இல் கம்பிவலை வேலியை ஏறக்குறைய பதினைந்து அடிக்கு உயர்த்தியது. அதற்கு மேல் உயர்த்தினால் காற்று தள்ளிவிடும். மட்டையாளர்களிடம் பந்தைத் தரையோடு அடிக்கச் சொன்னது. உடைந்ததற்கெல்லாம் பணம் தருவதாகவும், உடையாத கண்ணாடி போட்டுத் தருவதாகவும், தோட்டத்துக்கு மேலே வலை கட்டித் தருவதாகவும் முன்வந்தது. தோட்டத்தில் வலைக்கு அடியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதா? குடும்பம் எதையும் ஏற்கவில்லை; ஆட்டத்தையே நிறுத்தச் சொன்னது.

வழக்கில் பதிவான கணக்கு வெகு நுணுக்கம். 1975இல் 36 ஆட்டங்கள், 13,326 பந்துகள், 120 சிக்ஸர்கள். உயர்த்திய வேலியையும் தாண்டிக் குடியிருப்பில் விழுந்தவை ஆறு. அடுத்த ஆண்டு ஒன்பது. எண்ணிக்கையாகப் பார்த்தால் அற்பம். அந்த ஆறில் ஒன்று தன் குழந்தையின் தலைக்கு மேலே வரும் என்று நினைக்கிறவருக்கு அற்பமில்லை. முதல் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் மூன்று திசை. கிரிக்கெட் பிரியரான டென்னிங் பிரபு கிளப்பின் பக்கம் முழுமையாக நின்றார். மற்ற இருவரும் இது தொல்லைதான், கவனக்குறைவும்தான் என்றார்கள். ஆனால் அந்த இருவரில் ஒருவர், ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது சரியில்லை என்று டென்னிங்கோடு சேர்ந்துகொண்டார். தடையாணை விலகியது, குடும்பத்துக்கு 400 பவுண்டு. ஆட்டம் தொடர்ந்தது. வீடு பிற்பாடுதான் வந்தது என்பது தொல்லை கொடுப்பவருக்குச் சாக்காகாது என 1879 முதலே ஆங்கிலச் சட்டம் சொல்லிவந்தது. பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பலனை மட்டும் மறுத்த தீர்ப்பு இது என்று பின்னாளில் பலர் குறை கூறினார்கள். குறையில் நியாயம் உண்டு. கிராமத்தார் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

லின்ட்ஸில் வீடு களத்தை நோக்கி வந்தது. அமெரிக்கப் பூங்காக்களில் வீடு நின்ற இடத்திலேயே நிற்க, பந்துதான் அதை நோக்கி நகர்ந்தது. 1950களில் பரவிய மெதுவீச்சு சாஃப்ட்பாலில் பந்து வளைந்து மிதந்து வரும். அலுவலகத்துக் குமாஸ்தாவும் ஓங்கி அடிக்கலாம். அதுவரை மரமட்டை. 1970களில் அலுமினியம் வந்தது. உள்ளீடற்ற குழாய் பந்து பட்டதும் அமுங்கி, மீண்டு, பந்தை உந்தித் தள்ளுகிறது. 1990களில் டைட்டானியம் தலைகாட்டியதும் சங்கம் தடை போட்டது. பிறகு கார்பன் இழை மட்டைகள். அடிக்க அடிக்க இவை இன்னும் வேகம் பெறும். சிலர் உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கியும், உட்சுவரைச் சுரண்டியும் திருட்டுத்தனமாக வேகம் கூட்டினார்கள். முந்நூறு அடி வேலி போதும் என்று மரமட்டைக் காலத்தில் அமைத்த களங்களில் பந்து வேலிக்கு அப்பால் கார் நிறுத்தத்தில், கூரையில், நீச்சல் குளத்தில் விழத் தொடங்கியது.

நகராட்சிகள் முதலில் செய்தது வலையை உயர்த்துவது. மின்கம்பம் போன்ற தூண்களை நட்டு, இடையே கறுப்பு வலை. காகிதத்தில் சுலபம். ஆனால் முப்பது நாற்பது அடி வலை காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும். தூணின் அடித்தளமே பாதிச் செலவைத் தின்றுவிடும். பனி படிந்தால் கிழியும். எந்த வீட்டுக்காக வலை கட்டுகிறார்களோ அந்த வீட்டுக்காரரே, பூங்காவைப் பார்க்கத்தானே இங்கே வீடு வாங்கினேன், இப்போது சிறைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று மனு கொடுப்பார். நியாயம்தான். மரம் நட்டால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். மட்டையாளர் நிற்கும் முனையை எதிர் மூலைக்கு மாற்றலாம், மாலை வெயில் அவர் கண்ணில் அடிக்காத வரை. இதெல்லாம் வேலியைத் தாண்டும் ஹோம் ரன்னுக்கான கவலை. உண்மையில் பூங்காவை ஒட்டிய வீடுகளுக்கு அதிகம் தொல்லை தருவது பக்கவாட்டிலும் பின்னாலும் தெறிக்கும் தவறிய அடிகள். அவற்றுக்கு முந்நூறு அடி தேவையில்லை.

ஆகவே பூங்காக்காரர்களின் பார்வை மெல்ல ஹான்காக்கின் இடத்துக்கே திரும்பியது, பந்துக்கு. 2004 முதல் அமெரிக்கச் சங்கம், சோதனைக்கூடத்தில் பந்தை மணிக்கு 98 மைலுக்கு மேல் உந்தும் மட்டைகளைத் தள்ளிவைத்தது. பத்து ஆண்டு கழித்துப் பரவிய '52/300' என்ற பந்து இன்னும் தந்திரமானது. அதைக் கால் அங்குலம் அமுக்க 300 பவுண்டு விசை போதும். முந்தைய பந்துக்கு 375. பந்து மெத்தென்றிருப்பதால் மட்டைக்குப் பதில் தானே நசுங்கி, அடியின் வேகத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். வெயிலில் இன்னும் இளகும். சில அடி தூரம் குறைவாகப் பறந்தாலும் அது வேலிக்கு உள்ளேயா கூரை மேலேயா என்பதைத் தீர்மானிக்கும்.

இதோடு இன்னொரு விதியும் இருக்கிறது. மெதுவீச்சு ஆட்டத்தின் பல பிரிவுகளில் வேலி தாண்டும் ஹோம் ரன்னுக்கு உச்ச வரம்பு உண்டு. அணி அதை எட்டிய பிறகு வேலியைத் தாண்டி அடித்தால் அடித்தவர் அவுட். அமெரிக்கச் சங்கத்தின் சட்டப் புத்தகத்தில் அச்சேறிய இந்த விதியைச் சென்னையின் எந்தச் சந்திலும் ஏழு வயதுப் பையன் சொல்லுவான்: வீட்டுக்குள்ள அடிச்சா அவுட். சில அமெரிக்க உள்ளூர் லீக்குகள் வேலிக்கு வெளியே போன பந்தை அடித்த அணியே போய் எடுத்துவர வேண்டும் என்றும் வைத்திருக்கின்றன. சந்தில் அதற்கும் தீர்வு பழசு. அடிச்சவன் போய் காலிங் பெல்லை அழுத்தணும். மத்தவங்க சுவருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம்.