குருதியமுக்கமும் கண்ணமுக்கமும்: இரு மானிகளின் வரலாறு

கல்முனையை நடுவாகக் கொண்டு மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில் ‘பிறசர்’ என்னும் சொல் ஒரு நோயின் பெயராகவே வழங்கிவருகின்றது. ‘வாப்பாவுக்குப் பிறசர்’ என்றால் குருதியமுக்கம் கூடியுள்ளது என்பதே பொருள். அது குறைதலும் கேடு செய்யலாம் என்ற எண்ணம் அச்சொல்லினுள் இல்லை. கண்வைத்தியர் ‘கண்ணிலும் பிறசர்’ என்று கூறுங்கால், கேட்போர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதும் பிறசர்க் குளிசையே கண்ணையும் காத்துவிடும் என நம்புவதும் இயல்பே. ஆயினும் இம்மயக்கம் பாமரர்க்கு மட்டும் உரியதன்று. இவ்விரு அமுக்கங்களுக்கும் உள்ள உறவை ஓரளவு தெளிந்துகொள்ள மருத்துவ உலகுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

குளுக்கோமா என்பது கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர். கடல்நீரின் வெளிறிய பசுமையைக் குறிக்கும் அச்சொல்லைக் கிரேக்கர், பார்வையிழந்த கண்மணியின் நிறத்தைக் கண்டு இட்டனர். கண்ணின் இறுக்கத்தை அவர் அறிந்திலர். கண்புரையும் இந்நோயும் நெடுங்காலம் பிரித்தறியப்படாமலே கிடந்தன. அரபு வைத்தியர் கண்ணியலில் கொண்ட ஈடுபாடு ஈண்டு குறிப்பிடத்தக்கது. 9 ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண் பற்றிய பத்து ஆராய்வுகளை யாத்தார். 14 ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஷம்சுத்தீன், ‘கண்மணியின் தலைவலி’ என ஒரு நோயை வருணித்தார். கண்ணமுக்க நோயின் பழைய வருணனைகளுள் ஒன்றாக அதனைக் கொள்வர். 1622 இல் ரிச்சர்ட் பனிஸ்டர் என்ற ஆங்கிலேயர், கல்போல் கடினப்பட்ட கண்ணுக்குப் பார்வை மீளாதென எழுதினார். இமையின்மேல் விரல்வைத்து அழுத்திப் பார்ப்பதே அன்றைய சோதனை.

1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணகநோக்கியை ஆக்கியதும் நிலைமை மாறிற்று. உயிருள்ள மனிதனின் பார்வை நரம்பை முதன்முறையாகக் கண்ணாற் காண முடிந்தது. பெர்லினில் பணியாற்றிய அல்பிரெக்ற் வொன் கிரேஃபே, நோயுற்ற கண்ணில் அந்நரம்பின் தலை கிண்ணம்போற் குழிவதைக் கண்டார். 1857 இல் கதிராளியில் ஒரு துண்டை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையை வெளியிட்டுக் கடுங்குளுக்கோமாவுக்கு வழிகண்டவரும் அவரே. ஆனால் சில கண்கள் அவரைக் குழப்பின: நரம்பு குழிந்திருந்தது, கண்ணோ மென்மையாகவே இருந்தது. இறுக்கமின்றி இக்குழிவு ஏன்? 1858 இல் ஹைன்ரிக் முல்லர், அமுக்கமே நரம்பை நசுக்குகின்றது என்றார். அதே ஆண்டில் எடுவார்ட் வொன் யேகர், நரம்புக்குரிய குருதியோட்டமே பழுதாகின்றது என்றார். இவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

இவ்வரலாற்றில் தமிழர் வாழும் மண்ணுக்கும் ஓர் இடமுண்டு. சென்னை எழும்பூர் அரசினர் கண் வைத்தியசாலையின் மேலாளராயிருந்த ரொபேட் ஹென்றி எலியட், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பிற் சிறுதுளையிட்டுக் கண்நீரை வடியச் செய்யும் சிகிச்சையை 1909 இல் அங்கே தொடங்கினார். ‘எலியட் துளையீடு’ என அது உலகெங்கும் பரவியது. நாட்டு வைத்தியர் ஊசியாற் கண்புரையைத் தள்ளிவிடும் முறையால் கெட்ட கண்களைத் திரட்டி ஆராய்ந்த எலியட், அவற்றுட் பல குளுக்கோமாவால் அழிந்தமையையும் எடுத்துக்காட்டினார். (இந்தியக் கயிற்று வித்தை வெறுங்கதை என நிறுவப் பிற்காலத்தில் முனைந்து நின்றவரும் இவரே.) எனினும் எலியட்டின் துளை நீரை வடித்ததேயன்றி, யேகரின் வினாவுக்கு விடை கூறவில்லை.

விடைகூற அளவு வேண்டும். 1905 ஆம் ஆண்டு இவ்வகையில் வியப்புக்குரியது. அவ்வாண்டில் நோர்வேயைச் சேர்ந்த ஷியோட்ஸ், கண்ணின்மேல் வைத்து அதன் அமுக்கத்தை அளக்கும் மானியை அறிமுகஞ் செய்தார். அதே ஆண்டில் ரஷ்ய வைத்தியர் கொரொற்கொவ், கையிற் பட்டியைச் சுற்றி நாடியின் ஒலியைக் கேட்டுக் குருதியமுக்கத்தின் மேலெண், கீழெண் இரண்டையும் அறியும் முறையை வெளியிட்டார். இரு மானிகளும் ஒரே ஆண்டில் தோன்றியும் அவை ஒருங்குவைத்து நோக்கப்படப் பல்லாண்டுகள் சென்றன. ஒன்று கண்வைத்தியரின் மேசைக்கும் மற்றது பொதுவைத்தியரின் மேசைக்கும் உரித்தாயின.

பௌதிகம் இங்கு எளிதே. கண்ணினுள் நுழையும் குருதி கண்ணின் அமுக்கத்தை எதிர்த்தே நுழைய வேண்டும். கீழெண் 80 மில்லிமீற்றர் இரசமாகவும் கண்ணமுக்கம் 16 ஆகவும் இருப்பின், நரம்புக்குக் குருதியைச் செலுத்த எஞ்சுவது 64. இரவில் கீழெண் 50 ஆகத் தாழ்ந்து கண்ணமுக்கம் 24 ஆக ஏறின், எஞ்சுவது வெறும் 26. உடல் தன் குழாய்களை விரித்து இக்குறையை ஈடுசெய்ய முயலும். அவ்வாற்றல் குன்றியவரிடத்தே நரம்பு பட்டினி கிடக்கும். எனவே கண்ணமுக்கம் ‘வழமையான’ 10 முதல் 21 வரையுள்ள எல்லைக்குள் இருந்தும் பார்வை கெடுவது சாலும். கிரேஃபேயைக் குழப்பிய மென்மையான கண்ணுக்கு இதுவே பொருத்தமான விளக்கம் எனலாம்.

1936 இல் ஹன்ஸ் லௌபர் இக்கருத்தை முன்வைத்தார். 1959 இல் ஹரிங்டன் குருதியோட்டக் குறைவே பார்வைப்புல இழப்பின் முதற்காரணம் என வாதிட்டார். பெருந்தொகையினரை ஆராய்ந்த சான்று பின்னரே கிட்டியது. 1995 இல் வெளிவந்த பால்ற்றிமோர் ஆய்வில், மேற்சொன்ன ‘எஞ்சும் அமுக்கம்’ மிகக் குறைந்தவரிடையே குளுக்கோமா ஆறு மடங்கு மிகுந்து காணப்பட்டது. அதற்கு ஓராண்டின் முன், பஞ்சாபிற் பிறந்து அமெரிக்காவின் அயோவாவிற் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே, நோயாளரின் குருதியமுக்கத்தை இருபத்துநான்கு மணிநேரமும் பதிந்து, உறக்கத்தில் நிகழும் வீழ்ச்சியைப் புலப்படுத்தினார். படுக்கைக்குப் போகுமுன் குளிசை விழுங்குவது அவ்வீழ்ச்சியை ஆழமாக்கலாம் என அவர் எச்சரித்தார். பகலில் மட்டும் அளப்போர் இதனைக் காணார்.

இதனாற் குருதியமுக்கம் கூடுதல் நன்று என்பது பெறப்படாது. மேலெண் 10 கூடினாற் கண்ணமுக்கம் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றரே கூடும். ஆயினும் நாட்பட்ட உயரமுக்கம் சிறுநாடிகளைத் தடிக்கச் செய்து குருதியோட்டத்தைக் கெடுக்கும். பால்ற்றிமோர் ஆய்வில் உயரமுக்கம் இளையோரிடம் காப்பாகவும் முதியோரிடம் கேடாகவும் தோன்றியதன் காரணம் இதுவே போலும். சான்றுகள் தொடர்பைக் காட்டுகின்றனவேயன்றி, எது எதனை விளைவிக்கின்றது என்பதை ஐயமற நிறுவவில்லை. குளிசையைத் தாமாகவே நிறுத்துவோர் பக்கவாதத்தை விலைக்கு வாங்குவர்.

மருந்துகளின் வரலாறும் இரு அமுக்கங்களையும் பிணைக்கின்றது. குருதியமுக்கத்துக்கெனப் பயன்பட்ட புரோப்பிரனலோல் கண்ணமுக்கத்தையும் குறைப்பது 1967 இல் அறியப்பட்டது. அவ்வழியில் வந்த ரிமலோல் சொட்டு மருந்து 1978 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணில் இட்ட சொட்டு மூக்கின் வழியே குருதியிற் கலந்து, நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் தாழ்த்தக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்க்கு அது ஆபத்துமாகும்.

கல்முனைக் கரையோரத்தில் இவ்வரலாறு நோன்பு மாதத்தில் வந்து பொருந்துகின்றது. குளுக்கோமா வலியின்றி வளர்வது. சென்னையில் நிகழ்ந்த ஆய்வில் இந்நோயுடையோராகக் காணப்பட்டவருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனை முன்னர் அறிந்திருக்கவில்லை. அவ்வாறிருக்க, நோயறிந்த சிலரும் சொட்டு மருந்து நோன்பை முறிக்குமென அஞ்சிப் பகலில் அதனைக் கைவிடின் இழப்பு இரட்டிக்கும். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சுருமா இடுதல் நோன்பை முறிப்பதன்று. கண் திறந்த வாயிலாகக் கொள்ளப்படாமையே காரணம். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி 1997 இல் ஜித்தாவிற் கூடி, தொண்டையை அடைந்ததை விழுங்காதவரை கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காதெனத் தீர்மானித்தது. குளிசையின் நிலை வேறு. பகற் குளிசை இப்தாருக்கும் சஹருக்கும் இடையே ஒதுங்க, முழு அளவும் இரவின் சில மணிநேரத்துள் அடங்கிவிடுகின்றது. ஹேரே அஞ்சிய நேரமும் அதுவே. எக்குளிசையை எந்நேரத்துக்கு மாற்றுவது என்பது நோன்பு தொடங்குமுன் வைத்தியரே தீர்மானிக்க வேண்டியது. பிறசர்க் ‘கிளினிக்’ கொப்பியைக் கண்வைத்தியரிடமும் கொண்டுசெல்பவரின் இராக்குளிசையை அவர் ஒரு நோக்கில் அறிந்துகொள்வார்; மற்றையோரிடம் கேட்டே அறிதல் வேண்டும்.