'போரிங்லி' என்றால் என்ன? எங்கே, எப்படிப் பயன்படுத்தணும்?

'படம் செம போர்', 'கிளாஸ் போரடிக்குது' என்று அடிக்கடி சொல்கிறோம். அதே 'போர்' என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்த வினையடைதான் 'போரிங்லி'. இதை 'சலிப்பாக' என்று மட்டும் புரிந்துகொண்டால் பல இடங்களில் அர்த்தம் மாறிவிடும்.

யாருக்குச் சலிப்பு?

'ஹி ஸ்போக் போரிங்லி' என்றால், அவர் பேச்சைக் கேட்டவர்களுக்குப் போரடித்தது என்று பொருள். 'அவர் சலிப்பாகப் பேசினார்' என்றால், அவரே சலித்துப்போய்ப் பேசியதுபோல ஆகிவிடும். 'கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும்படி பேசினார்' என்பதே பொருத்தம்.

இதே குழப்பம் இன்னொரு இடத்திலும் வரும். 'எனக்கு போரடிக்குது' என்பதற்கு 'ஐ ஆம் போர்டு' என்று சொல்லணும். 'ஐ ஆம் போரிங்' என்றால் 'நான் ஒரு அறுவை' என்று அர்த்தம். இன்டர்வியூவில் மாற்றிச் சொன்னால் சிக்கல்தான்!

நெற்களத்துப் 'போரடி' வேறு

தஞ்சாவூர் பக்கம் போன்ற நெல் விளையும் ஊர்களில் 'போரடித்தல்' பழைய விவசாயச் சொல். அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிக்கும் வேலை அது. இன்று அந்த வேலையை அறுவடை இயந்திரமே செய்துவிடுகிறது. இந்தப் 'போர்', வைக்கோல் போரில் வரும் தமிழ்ச் சொல். 'போரடிக்குது'வில் இருப்பது ஆங்கிலச் சொல். 'காப்பி அடி', 'சைட் அடி' போல அதோடு 'அடி' சேர்ந்துகொண்டது. ஒலி ஒன்று, பொருள் வேறு.

பாராட்டாகவும் வரும்

'போரிங்லி' எப்போதும் குறை சொல்லும் வார்த்தை இல்லை. 'போரிங்லி ரெகுலர்' என்றால், அலுத்துப்போகும் அளவுக்குத் தவறாமல் நடப்பது.

காவிரி டெல்டாவையே எடுத்துக்கொள்ளலாம். குறுவை சாகுபடிக்காக மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. 2012 முதல் 2019 வரை 8 ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மீண்டும் ஜூன் 12-ல் திறக்கப்பட்டது. தேதி தள்ளிப்போனால் நாற்று விடுவதில் இருந்து எல்லாமே தள்ளிப்போகும். குறுவையே கைவிட்டுப் போகவும் கூடும். ஒவ்வொரு வருஷமும் ஜூன் 12-ல் 'போரிங்லி ரெகுலர்' ஆகத் தண்ணீர் வந்தால், டெல்டா விவசாயிக்கு அது சந்தோஷமான செய்தி.

இந்த இடத்தில் 'சலிப்பாக' என்று மொழிபெயர்த்தால் பொருந்தாது. 'வழக்கம் மாறாமல்' என்பதே சரி.