கண்ணுள் பதித்த வில்லை

கண்ணில் புரையோடிய வில்லையை அகற்றிவிட்டால் பார்வை முழுவதும் மீண்டுவிடும் என்பது இன்று நமக்குச் சாதாரணமான எண்ணம்; ஆனால் 1949-ஆம் ஆண்டுக்கு முன்பு, வில்லையை இழந்த கண்ணுக்கு மூக்கை அழுத்தும் கனத்த மூக்குக்கண்ணாடியே கதியாக இருந்தது. அதன் வழியே சகல வஸ்துக்களும் ஏறக்குறைய கால்பங்கு பெருத்து, அருகே நெருங்கி நிற்பதுபோல் தோன்றுமாதலால், தேநீர்க் கோப்பையை எடுக்க நீட்டிய கை அதை எட்டுமுன்பே வெறுங்காற்றைப் பற்றி நிற்கும்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் போர்விமானங்களின் மேல்மூடி சிதறி விமானிகளின் கண்ணில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கின் துணுக்குகள், அழற்சி எதுவும் உண்டாக்காமல் அங்கேயே அடங்கிக் கிடந்ததைக் கவனித்த லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, அதே பொருளால் ரேனர் நிறுவனத்தின் ஜான் பைக்கைக் கொண்டு ஒரு வில்லை செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் சிகிச்சையைத் தொடங்கி, 1950 பிப்ரவரியில் அதை நிலையாகப் பதித்து முடித்தார். வில்லை அமைந்துவிட்டது; பார்வைதான் அமையவில்லை. மனித வில்லையின் வளைவைப் பின்பற்றிச் செய்த அது, அதைவிட மிகுதியாக ஒளியை வளைக்கும் பெர்ஸ்பெக்ஸால் ஆனதன் விளைவாக, அந்த அம்மையாருக்குச் சுமார் 20 டயாப்டர் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. கனத்த கண்ணாடியிலிருந்து விடுபட வந்தவர் மறுபடியும் ஒரு கண்ணாடியை அணிய நேர்ந்ததை நினைக்கும்போது, இந்தச் சரித்திரத்தின் முதல் கடனை அவருக்கே நாம் பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கண்ணில் தெரிந்த பிழையை வைத்தே பின்வந்த வில்லைகளின் வளைவு திருத்தப்பட்டது.

கணக்கைத் திருத்துவது எளிதாயிற்று; பாரத்தைத் தாங்குவது எளிதாகவில்லை. இன்றைய வில்லையைவிடப் பன்மடங்கு கனத்த அந்தப் பழைய வில்லை, சிலருக்கு, இயற்கை வில்லையின் உறையாக இருந்த பைக்குள்ளிருந்து நழுவிக் கண்ணின் கூழ்ப்பொருளில் அமிழ்ந்தது. சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறியது. கிருமி நீக்கப் பயன்பட்ட செட்ரிமைடு திரவத்தின் எச்சமே அழற்சியைத் தூண்டியதும் உண்டு. 1951-இல் ஆக்ஸ்ஃபோர்டு கண்வைத்திய மகாநாட்டில் ரிட்லி தம் அனுபவத்தை வெளியிட்டபோது, ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் போன்ற கண்வைத்தியப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த எதிர்ப்பில் பொறாமையை மட்டும் காண்பது நியாயமாகாது, ஏனெனில் நழுவிய வில்லைகள் கற்பனையல்ல. ஆனால் குறையைத் திருத்தலாம் என்ற சாத்தியத்தையே மறுத்தது பெரும் தவறு. பின்னர் சிலர் கருவிழிக்கு முன்புறத்தில் வைத்த வில்லைகளோ, கருவிழியை மூடியுள்ள கண்ணாடிபோன்ற படலத்தின் உள்ளடுக்கைச் சிதைத்ததால், பனிபடிந்த ஜன்னல்போல் பார்வை மங்கிற்று.

1970-களில், மெல்லிய வளைகால்கள் கொண்ட இலேசான வில்லைகள் கருவிழிக்குப் பின்னே ரிட்லி தேர்ந்த அதே இடத்துக்குத் திரும்பின. கேளா ஒலியால் கண்ணின் நீளத்தை அளந்து, ஒவ்வொருவருக்கும் தக்க வலிமையை முன்கூட்டியே கணிக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. பிற்பாடு பை மங்கினால் லேசர் கதிரால் சில நிமிஷங்களில் திறக்கவும் கூடிற்று. 1992-இல் மதுரையில் தோன்றிய ஆரோலாப் நிறுவனம், இவ்வில்லைகளை எளியோருக்கும் எட்டும் விலையில் செய்யத் தொடங்கியது.

முதுமையில் ரிட்லிக்கும் புரை வந்தது. தாம் முதல் வில்லையைப் பதித்த அந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலேயே அவர் தம் கண்களுக்கும் வில்லை வைத்துக்கொண்டார்.