பாரசீகத்தில் அரபுப் பெயர்ச்சொல்லும் பெயரடையின் இடமும்

பாரசீக மொழியில் பெயரடை பெயருக்குப் பின்னால் நிற்கும். 'பெரிய புத்தகம்' என்பது அங்கே 'கெதாபெ பொஸோர்க்'. 'கெதாப்' புத்தகம், 'பொஸோர்க்' பெரிய. இரண்டையும் இணைப்பது இடையில் ஒலிக்கும் எகரக் குறில். இந்த இணைப்புக்கு எஸாஃபே என்று பெயர்.

எஸாஃபே என்ற சொல் அரபு. இலக்கணமோ ஈரானின் சொந்தச் சொத்து. கி.மு. 520ஐ ஒட்டிப் பாரசீக மன்னர் முதலாம் தாரியஸ் பெஹிஸ்தூன் பாறையில் வெட்டுவித்த கல்வெட்டில், 'மாகிப் பூசாரியாகிய கௌமாதன்' என்ற பொருளில் 'கௌமாத ஹ்ய மகுஷ்' என்று வருகிறது. பெயரையும் அதன் அடையையும் சேர்க்கும் இந்த 'ஹ்ய', ஈரானை ஆண்ட சாசானியர் காலத்து நடுப் பாரசீகத்தில் 'ஈ' ஆகி, பிறகு இன்றைய எகரமாகத் தேய்ந்தது. நடுப் பாரசீகத்தில் பெயரடை முன்னாலும் வந்ததுண்டு. முதியவரைக் குறிக்கும் 'பீர்மர்த்' போன்ற தொகைச்சொற்களில் அந்த வழக்கின் சுவடு தெரிகிறது.

அரபுப் படையெடுப்புக்கு இடையே 651இல் மன்னர் மூன்றாம் யஸ்த்கெர்த் கொல்லப்பட, சாசானியர் ஆட்சி முடிந்தது. சமயமும் நிர்வாகமும் அரபுமொழிக்கு மாறின. புகாராவிலிருந்து ஆண்ட சாமானியர் காலத்தில், 9, 10ஆம் நூற்றாண்டுகளில், பாரசீகம் அரபு எழுத்தில் மீண்டும் இலக்கிய மொழியானது. அரபுப் பெயர்ச்சொற்கள் திரளாக வந்து சேர்ந்தன. 'கெதாப்' அவற்றில் ஒன்று. அதற்கு அரபு முறைப்படி 'கொதொப்' என்ற பன்மையும், பாரசீக விகுதியோடு 'கெதாப்ஹா' என்ற பன்மையும் வழங்கின. அரபிலும் பெயரடை பின்னால்தான் வரும் என்பதால் சொல்வரிசையில் முரண்பாடு எழவில்லை.

சிக்கல் பால் வேறுபாட்டில் வந்தது. பாரசீகத்தில் இலக்கணப் பால் கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் 'ஊ' ஒன்றே. அரபிலோ பெண்பால் பெயருக்குப் பெயரடையும் பெண்பாலாக வேண்டும்; அஃறிணைப் பன்மைக்கும் அதே விதி. எழுத்தர்கள் இந்த விதியைப் பாரசீகத்துக்குள் கொண்டுவந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 'வெஸாரதெ ஒமூரெ காரெஜெ' ஆயிற்று. 'ஒமூர்' (விவகாரங்கள்) பன்மை என்பதால் 'காரெஜ்' (வெளி) என்ற அடை பெண்பால் விகுதி ஏற்று 'காரெஜெ' ஆனது. ஈரானின் 1907ஆம் ஆண்டு அரசியலமைப்புத் துணைச்சட்டமும் நீதி அதிகாரத்தை இதே முறையில் 'கொவ்வெயெ கஸாயீயெ' என்றது. கோப்பைக் குறிக்கும் 'பர்வந்தெ' பாரசீகச் சொல். ஆனால் அதன் எகர ஈறு அரபுப் பெண்பால் போல ஒலித்ததால், முடிக்கப்பட்ட கோப்பைப் 'பர்வந்தெயெ மக்தூமெ' என்று எழுதும் வழக்கமும் பரவியது. இலக்கணப் புலவர்கள் இதைப் பிழை என்றார்கள்.

1935இல் நிறுவப்பட்ட ஃபர்ஹங்கெஸ்தான் என்னும் மொழிக்கழகம் அரபுச் சொற்களுக்கு ஈடாகப் பாரசீகச் சொற்களை வகுத்தது. நகராட்சிக்கு வழங்கிய 'பலதீயெ' போய் 'ஷஹ்ர்தாரி' வந்தது. இன்றைய பொதுநடையில் பெயரடை பாலுக்கேற்ப மாறுவதில்லை: அரபில் பெண்பாலான 'மஸ்அலெ'யையும் 'மஸ்அலெயெ மொஹெம்' (முக்கியப் பிரச்சினை) என்றே எழுதுகிறார்கள். அந்தப் பழைய விதி அமைச்சகம், நீதித்துறை போன்றவற்றின் நிலைத்த பெயர்களில் தொடர்கிறது.