நெடுந்தீவுக் குதிரைகள்

இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில், பாக்கு நீரிணையிலுள்ள நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகள். இவை அம்மண்ணுக்கு உரியவை அல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை என்பது பரவலான கருத்து. பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவை 'டெல்ஃப்ட்' என்று அழைத்ததோடு, குதிரை வளர்ப்பையும் பெருக்கினர். அக்கால லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் நோலன் என்ற அதிகாரி வளர்ப்பை மேற்பார்த்தார். வளர்ப்பு நின்றபின் குதிரைகள் தாமாகவே பெருகின.

சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளுக்கு அப்பால், தட்டையான புல்வெளியில் அவை கூட்டமாக மேய்வதைக் காணலாம். மாரிக்குப்பின் புல்லும் நீரும் தாராளம். கோடையில் குளம் குட்டைகள் வற்றி நிலம் வெடிக்கும்; அப்போது நாவறண்டு மாண்ட குதிரைகள் பல. அவற்றுக்கு இதுவே பெருந்துயர். ஆட்கள் வண்டியில் கொண்டுவந்து தொட்டிகளில் ஊற்றும் தண்ணீர்தான் மற்றவற்றைக் காக்கிறது.

தமிழகத்தில் கோடியக்கரைச் சரணாலயத்திலும் இப்படிக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் உண்டு.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் செல்லலாம்.