திருக்கோயிலைத் தாங்கிய பல குடிகள்

பெண்ணை பாயும் நடுநாடும், அதன் வடபால் திண்டிவனத்தைச் சூழ்ந்து விளங்கிய பழைய ஓய்மாநாடும் சிவத்தலங்களும் விண்ணகரங்களும் மலிந்த புண்ணிய பூமியாகும். இத்தலங்களில் சோழர் காலத்தே பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் பெரும்பாலும் மன்னர் பெயரைச் சொல்லியே தொடங்குகின்றன. ஆயினும் ஊன்றிப் படிப்போர்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். அறத்தைத் தொடங்கியவர் ஒருவராயினும், அதனை நாள்தோறும் நடத்தி வந்தவர் பலர் என்பதே அவ்வுண்மை.

அக்காலத்துச் சமுதாயம் தொழில்வழிப் பல குடிகளாகப் பிரிந்திருந்தது. உழுதுண்டு வாழ்ந்த வேளாளர் ஊர்களை ‘ஊரார்’ நிருவகித்தனர். அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற பிரமதேயங்களைச் ‘சபையார்’ நடத்தினர். வணிகர் கூட்டம் ‘நகரத்தார்’ எனப்பட்டது. பல ஊர்கள் சேர்ந்த நாட்டின் பொதுக்காரியங்களை ‘நாட்டார்’ கவனித்தனர். ஆடு மேய்த்த மன்றாடிகள், கம்மாளர், குயவர், வண்ணார் முதலியோர்க்கும் கோயிற் காரியங்களில் உரிய பணியும் அதற்குரிய பங்கும் இருந்தன.

நந்தாவிளக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அன்பர் ஒருவர் விளக்கெரிக்க விரும்பினால் 90 அல்லது 96 ஆடுகளைத் தானமாக அளிப்பார். மன்றாடி அவற்றை ஏற்று, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். ஆடுகள் இறப்பினும் மூப்பினும் குட்டிகளைக்கொண்டு தொகை குன்றாமற் காத்தலும் அவன் பொறுப்பே. ஆதலின் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. கல்லில் முதலிடம் பெற்றது கொடையாளர் பெயர். சந்நிதியில் ஒளி மங்காமற் காத்தது மன்றாடி குடியின் உழைப்பு.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தே பெருங்கல்லூரி ஒன்று இருந்தது. வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் முதலியவற்றை 340 மாணாக்கர் பயில, 14 ஆசிரியர் பயிற்றினர். இளமாணாக்கர்க்கு நாள்தோறும் ஆளுக்கு 6 நாழி நெல் வழங்கப்பெற்றது. இதன்பொருட்டு விடப்பட்ட நிலம் 45 வேலி. கற்றவர் அந்தணர், அவர்தம் கல்விக்கு உணவளித்ததோ, அந்நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்த கைகள். இருதிறத்தாருள் ஒருவரின்றி அவ்வறம் ஒருநாளும் நடந்திராது.

மூவர் பாடல்பெற்ற திருவாமாத்தூரின் கல்வெட்டு நெஞ்சை நெகிழ்விப்பது. அத்தலத்தில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பார்வையற்றோர் பதினாறுபேர் அமர்த்தப்பெற்றனர். அவர்களை வழிநடத்தும் ‘கண்காட்டுவார்’ இருவர்க்கும் சேர்த்தே நிவந்தம் ஏற்படுத்தப்பட்டது. உலகம் இரங்கி ஒதுக்கும் நிலையினரைத் திருமுறை ஓதும் திருத்தொண்டராக உயர்த்திய பெருமை அத்தலத்திற்கு உண்டு.

எனினும், அக்கற்களே ஒரு குறையையும் மறையாது உரைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ எனத் தனித்த இருப்பிடங்கள் சுட்டப்பெறுகின்றன. வயலில் உழைத்த மக்களின் நெல் இறைவனுக்குத் திருவமுதாயிற்று. அம்மக்களோ பன்னெடுங்காலம் வாயிற்புறத்தே நிறுத்தப்பட்டனர். 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் அவர்க்குக் கோயிற் கதவைத் திறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் திறந்த கதவை மனத்தாலும் திறந்துவைத்தல் அடியார்தம் கடனாகும்.

குடமுழுக்குக் காலத்தில் விமானத்தின்மேல் சொரியும் புனிதநீர் எல்லாத் திசைகளிலும் வழிந்தோடுகின்றது. பொன் அளித்தாரும், கல் சுமந்தாரும், நெய் அளந்தாரும், நெல் விளைத்தாரும் அந்நீரை ஒருங்கே தலைமேல் ஏற்கும் நாளே திருப்பணி நிறைவுறும் நாள். எல்லாக் குடிகளும் இறைவன் திருவருளால் இனிது வாழ்க!