கடலன்னை கோபித்தாளா?

"கடலன்னை சீறினாள்! கரையை விழுங்கினாள்!" கரையோரத்துச் சிற்றூர் ஒன்று சரிந்து வீழும்போதெல்லாம் ஏடுகள் தீட்டும் தலைப்பு இது. படிப்போர் நெஞ்சம் பதறுகிறது, 'பாவம்' என்ற சொல் உதட்டிலே பிறக்கிறது, உதட்டிலேயே இறந்தும்போகிறது. சீறியவள் அன்னை! அன்னைமீது வழக்குத் தொடுப்பது எங்ஙனம்? அவளைக் கூண்டிலே ஏற்ற எந்த நீதிமன்றத்தால் இயலும்? ஆகவே வழக்கில்லை, விசாரணையில்லை, குற்றவாளியும் இல்லை. வீடிழந்த மீனவன் மட்டும் இருக்கிறான், வானத்தைப் பார்த்தபடி!

'சீற்றம்' என்னும் இந்தச் சொல் இருக்கிறதே, தோழர்களே, மெத்த வசதியான சொல் அது. யாருக்கு வசதி? கரையை அறுத்தவனுக்கு வசதி. காக்கவேண்டிய பொறுப்பிலிருந்தும் காவாதிருந்தவனுக்கு வசதி. வீடிழந்தவனைப் பார்த்து, "விதி, அப்பா, விதி! நாம் என்ன செய்ய முடியும்?" என்று தோளைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுபவனுக்கு வசதி. புயலும் அலையும் பொய்யல்ல, மெய்தான். ஆனால் புயலடித்த கரையெல்லாம் போய்விடவில்லையே! தலைமுறை தலைமுறையாக அலையைத் தாங்கி நின்ற கரை, இருபதே ஆண்டுகளில் இற்றுப்போவானேன்? விடை, வரலாற்று ஏட்டிலே இருக்கிறது. நம் நாட்டு வரலாறும் உண்டு. அதைப் புரட்டுமுன், தன் ஆட்சியிலே ஞாயிறு மறைவதில்லை என்று மார்தட்டிய ஆங்கிலநாட்டிலேயே நடந்த கதையொன்றைக் காண்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு மாவட்டம். அங்கே ஸ்டார்ட் விரிகுடா. அதன் கரையிலே ஹால்சாண்ட்ஸ் என்றொரு மீனவச் சிற்றூர். பின்னாலே செங்குத்தான குன்று, முன்னாலே கடல், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய பாறைத்திட்டு. அந்தத் திட்டின்மீது 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 37 வீடுகள், 159 மக்கள். நண்டும் மீனும் பிடித்தார்கள், வலை பின்னினார்கள், மணந்தார்கள், மாண்டார்கள். கோட்டையில்லை, கொத்தளமில்லை, எனினும் ஊருக்கு ஒரு மதில் இருந்தது. மன்னன் கட்டாத மதில்! கொத்தனார் தொடாத மதில்! கடற்கரையிலே குவிந்துகிடந்த கூழாங்கல் மேடுதான் அது. அலை பாய்ந்து வரும், கற்கள் உருளும், உருட்டுவதிலேயே அலையின் வலிவு ஒடுங்கும், ஊரின் வாயிலை எட்டும்போது வெறும் நுரையே மிஞ்சும்.

பேரரசின் கண் அந்தக் கூழாங்கல்மீது விழுந்தது. டெவன்போர்ட் கடற்படைத் தளத்தை விரிவாக்கத் திட்டமிட்டார்கள். கான்கிரீட்டுக்குக் கல் வேண்டும். சர் ஜான் ஜாக்சன் என்பார் ஒப்பந்தக்காரர். அரசின் வணிகத் துறை அனுமதிச் சீட்டு வழங்கிற்று. 1897இல் இயந்திரங்கள் வந்தன. கரைக்கு அருகே கடலடியிலிருந்து கல்லை வாரத் தொடங்கின. எடுத்த பள்ளத்தைக் கடலே நிரப்பிவிடும் என்பது மேலிடத்தாரின் நம்பிக்கை.

படிப்பாளிகள் நம்பினார்கள், பாமரர்கள் நம்பவில்லை! கரையின் போக்கைக் கண்டு வளர்ந்த மீனவர்கள் அஞ்சினார்கள், முறையிட்டார்கள். விசாரணை நடந்தது. வந்த அதிகாரி, பெருந்தீங்கு நேராது என்று முடிவு கூறினார். மீன்பிடித் தொழிலுக்கு ஏற்படும் இடையூற்றுக்காக ஆண்டுக்கு 125 பவுன் தர ஒப்பந்தக்காரர் இசைந்தார். ஊரின் மதிலை வண்டி வண்டியாக வாருவதற்கு, ஊர் முழுவதற்குமாக ஆண்டுக்கு 125 பவுன்! வள்ளல் தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1900ஆம் ஆண்டு பிறந்தபோது கரை தாழத் தொடங்கிவிட்டது. இலையுதிர்காலத்துப் புயல்கள் வந்தன, கடற்சுவர் உடைபட்டது. மீண்டும் முறையீடு, நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு, வட்டார மன்றத்தின் கடிதம். 1901இல் வேறோர் அதிகாரி வந்து கண்டார். கல் வாருவதை நிறுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தார். 1902ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அனுமதி நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் அள்ளப்பட்டது எவ்வளவு? ஏறத்தாழ ஆறரை இலட்சம் டன்!

கடல் திரும்ப நிரப்பிற்றா? இல்லை. பிளிமத் நகரத்துப் பொறியாளர் ராபர்ட் ஹான்ஸ்ஃபோர்டு வொர்த், அந்தக் கரையை ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஆளுயரத்துக்கும் மேலாகக் கரை தாழ்ந்துவிட்டதை எண்களிலே எழுதிவைத்தார். காரணமும் தெளிவு. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்த நாளிலே, பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் ஒதுக்கப்பட்ட பரல் அது. புதிதாகக் கொண்டுவந்து கொட்ட ஓர் ஆறும் அங்கே இல்லை. வட்டியில்லாத முதல்! எடுத்தால் எடுத்ததுதான். அந்த முதலை அள்ளிச்சென்று பேரரசு தன் கப்பல்தளத்தைக் கட்டிக்கொண்டது.

1917, சனவரி 26. கீழ்க்காற்று பேயாய் அடித்தது. அதே வேளையில் கடல் ஏற்றமும் மிகுந்தது. முன்பெல்லாம் கூழாங்கல்லோடு போராடிக் களைத்த அலை, அன்று தடையின்றி வாயிலுக்கே வந்தது. சுவர் சரிந்தது, கூரை பறந்தது, தலைமுறைகளின் உழைப்பு கடலிலே மிதந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஊர்ச்சேதம் முழுமை! அந்த ஆண்டு முடிவதற்குள், குடியிருக்கத் தக்கதாக எஞ்சிய வீடு ஒன்றே ஒன்று. அரசிடம் இழப்பீடு பெற, அந்த எளியோர் ஏழாண்டுகள் போராடவேண்டியிருந்தது. எஞ்சிய ஒற்றை வீட்டிலே மூதாட்டி ஒருவர் 1964இல் இறக்கும்வரை குடியிருந்தார், அழிந்த ஊருக்குத் தாமே சாட்சியாக!

கடலன்னையா கோபித்தாள்? ஆறரை இலட்சம் டன் கல்லுக்கு யார் கணக்குச் சொல்வது? ஹால்சாண்ட்ஸ் மக்களுக்கு உதவி கிடைக்காமற்போனது, உதவும் வழி தெரியாததாலா? அன்று. மீனவன் சொன்ன அன்றே கல் வாருவதை நிறுத்தியிருந்தால், அதுவே தலையாய உதவி, செலவில்லாத உதவி. கரையோர ஊருக்குத் துணைசெய்ய விரும்புவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது. கரை என்பது ஒரு கணக்கு. வரவும் உண்டு, செலவும் உண்டு. அலை கொண்டுபோவது செலவு. அலை கொண்டுவருவது வரவு. முதலை அள்ளினாலும் கரை அழியும். வரவை மறித்தாலும் கரை அழியும். ஹால்சாண்ட்ஸில் அள்ளினார்கள். நம் கரையிலே மறித்தார்கள்.

சோழமண்டலக் கரையோரம் கண்ணுக்குத் தெரியாத ஆறொன்று ஓடுகிறது. நீராறு அன்று, மணலாறு! தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில், சாய்ந்துவரும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்திலே தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால், வடக்கே செல்வதுதான் மிகுதி. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் திசையறிந்து கட்டுமரம் தள்ளும் நம் மீனவருக்கு இது புதுச் செய்தியன்று.

1876இல் சென்னையிலே துறைமுகம் கட்டத் தொடங்கினர். கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள், மணலாற்றுக்குக் குறுக்கே அணையாயின. தெற்கே மணல் தேங்கிற்று. தேங்கித் தேங்கி அகன்றது. அதுவே இன்று நாம் பெருமையுடன் பேசும் மெரினா. வடக்கே? வரவேண்டிய மணல் வரவில்லை. அலையோ தன் பங்கை எடுக்கத் தவறவில்லை. இராயபுரமும் அதற்கு வடக்கே திருவொற்றியூர்வரை உள்ள குப்பங்களும் தேயத் தொடங்கின. மெரினாவிலே மாலைக் காற்று வாங்க அமர்வோரே! உங்கள் காலடியில் மெத்தென்று கிடக்கும் மணல், வடக்கே உள்ளவன் வீட்டு முற்றத்துக்குச் சென்றிருக்கவேண்டிய மணல். நீங்கள் திருடவில்லை. ஆனால் அவன் இழந்தான் என்பதை மறவாதீர்கள்.

நூறாண்டுகள் கழித்தேனும் பாடம் கற்றோமா? 1986க்கும் 1989க்கும் இடையே புதுச்சேரியிலே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை இயந்திரத்தால் எடுத்து வடக்கே சேர்க்கவேண்டும் என்ற ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. திட்டத்திலே இருந்தது, நடப்பிலே நிலைக்கவில்லை! நகரத்தின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கப் பாறைகளைக் கொட்டினர். பாறை நகரைக் காத்தது. அலையின் பசியைத் தீர்க்கவில்லை. அரிப்பு வடக்கே நகர்ந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என ஊர் ஊராக அலை ஏறிற்று. சுவர் எழுப்பியது ஓர் ஆட்சி. வீடிழந்தவன் வேறோர் ஆட்சியின் குடிமகன். எவரிடம் முறையிடுவான் அவன்? ஆட்சி எல்லை மணலுக்குத் தெரியாது. அதிகாரிக்கோ எல்லைக்கு அப்பால் எதுவும் தெரியாது!

பாறைச் சுவரும், கடலுக்குள் கைநீட்டும் தூண்டில் வளைவும் வேண்டுமென்று குப்பங்கள் கேட்கின்றன. வீட்டுப்படியிலே அலை நிற்கையில் வேறென்ன கேட்பார்கள்? அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஓர் ஊர் பெறும் தூண்டில் வளைவு, அடுத்த ஊரின் மணலைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த ஊரும் கேட்கிறது. அதற்கடுத்த ஊர் அழுகிறது. இடரைத் தீர்க்காமல், அண்டையூருக்கு அனுப்பிவைக்கும் முறை இது. மீனவனையும் மீனவனையும் மோதவிட்டு, மணலாற்றை முதலில் மறித்தவன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க இடந்தரும் முறையுங்கூட.

ஊரையே பெயர்த்துக் குடியமர்த்துவது ஒரு வழி அல்லவா என்பர். ஆம், வேறு வழியற்றபோது அதுவும் வழிதான். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலே சாதபாயா என்னும் ஊர்த்தொகுதி இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஊர்களைக் கடல் கொண்டது. 2018இல் அம்மாநில அரசு, எஞ்சிய 571 குடும்பங்களை உள்ளே தள்ளி, பாகபாட்டியா என்னுமிடத்தில் குடியமர்த்திற்று. ஊரைக் காப்பதாக நம்பப்பட்ட பஞ்சுவராகி தேவியர் ஐவரின் சிலைகளையும் அதே ஆண்டு பெயர்த்தெடுத்துச் சென்றனர். பெண்களன்றி ஆடவர் தொடக்கூடாது என்று வழிவழியாக இருந்த கட்டுப்பாடு, பாரம் தூக்கவேண்டிய அந்நாளிலே தளர்ந்தது. காக்கும் தேவியரையே காப்பாற்றித் தூக்கிச் செல்லவேண்டிய நிலை! பக்தர் மனத்தைப் புண்படுத்த இதைக் கூறவில்லை. ஊரைக் காக்கும் கடமை மனிதனுக்கே உரியது என்பதை அந்த மக்களே செயலில் காட்டினர் என்பதற்காகக் கூறுகிறோம்.

ஆனால் வீட்டைப் பெயர்த்தோர் வாழ்வைப் பெயர்த்தனரா? மனை கிடைத்தது, விளைநிலமும் தொழிலும் பின்தங்கின. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி வேற்று மாநிலங்களுக்குப் புறப்பட்டனர். மீனவனுக்கு வீடென்பது நான்கு சுவரா? கடலைப் பார்க்கும் கண்ணெல்லை, படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயும் களம், இத்தனையும் சேர்ந்ததன்றோ அவன் வீடு!

நமது நிலைமையின் அளவு என்ன? 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியப் பெருநிலக் கரையிலே மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டறிந்தது. அணைகள் ஆற்று மணலைத் தடுக்கின்றன. ஆற்றுப் படுகையிலேயே மணல் சூறையாடப்படுகிறது. புவி வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்கிறது. அந்த வெப்பத்துக்குக் காரணமான புகையைக் கக்கியவன், கட்டுமரத்தில் செல்பவன் அல்லன்!

ஆகவே உதவி என்பது யாது? கரையின் வரவு செலவை ஊரார் அறிய உரைப்பது முதல் உதவி. மணலாற்றை மறித்தவன், மறிக்கப்பட்ட மணலை ஆண்டுதோறும் தன் செலவிலே வடக்கே கொண்டுசேர்க்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது இரண்டாவது உதவி. புதுச்சேரியில் 2018இல் கடலுக்குள் நீர்மூழ்கித் தடுப்பு அமைத்து, மணலும் சேர்த்தபோது, மறைந்த கரை ஓரளவு மீண்டது. அறிவு முனைந்தால் ஆகாதது இல்லை என்பதற்கு அது சான்று. மணல்மேடுகளை மட்டமாக்கி மாளிகை எழுப்புவதைத் தடுப்பது மூன்றாவது உதவி. அந்த மேட்டிலே அடும்பு படர்கிறது. இராவணன் மீசை என்று நம் மக்கள் பெயரிட்ட முட்புல் வளர்கிறது. காற்றோடு பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தும் காவலர்கள் அவை. இராவணனைப் பழித்தோர் உண்டு. அவன் மீசையோ இன்றும் தமிழன் கரையைக் காத்து நிற்கிறது!

இவையனைத்தும் செய்தும் பெயரவேண்டியே நேர்ந்தால், அலை வாயிற்படிக்கு வருமுன்பே, ஊராரின் இசைவோடு, படகுக்கு எட்டும் தொலைவிலே, பட்டாவோடு இடந்தரவேண்டும். ஹால்சாண்ட்ஸில் நடந்ததுபோல ஊர் போனபின் ஏழாண்டுகள் வழக்காடவைப்பது உதவியாகாது.

இளைஞர்களே! கரையோரக் குப்பங்களுக்குச் செல்லுங்கள். ஆறுதல் மொழியோடு மட்டும் செல்லாதீர்; அளவுகோலோடு செல்லுங்கள். மீனவ முதியவரைக் கேளுங்கள்: அவர் சிறுவனாக இருந்தபோது கரை எதுவரை இருந்தது, எந்தக் கட்டுமானத்துக்குப் பின் தேயத் தொடங்கிற்று என்று. கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் எல்லையிலே கல் நட்டுத் திங்கள்தோறும் அளந்து எழுதுங்கள். அந்த ஏட்டைக் கிராம சபையிலே வையுங்கள். ஆட்சியர் மேசையிலே வையுங்கள். புதுத் துறைமுகம் வேண்டுமென்போர் முன்னும் வையுங்கள். ஹால்சாண்ட்ஸின் மீனவனுக்கு உண்மை தெரிந்திருந்தது; எண்களோடு ஒரு வொர்த் வந்து சேர்வதற்குள், கல் போய்விட்டிருந்தது. நம் குப்பத்து மீனவனுக்கும் உண்மை தெரியும். அவன் சொல்லோடு உங்கள் அளவும் சேரட்டும், மணல் மிச்சமிருக்கும்போதே!